கத்திரிப்பூ நிறத்தில் எட்டாம் லைன்

டிசம்பர் 4, திங்கள்

ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, கோபம் வந்தால் கத்தாதீர்கள், எழுதித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சாயங்காலம் டாக்டர் சொல்லிவிட்டார். பெயிண்ட் கம்பெனி கொடுத்த டைரி வருஷம் முழுக்க இழுப்பறையில் சும்மா கிடக்கிறது. ஒரு சரக்கைச் சும்மா போட்டுவைப்பது என் ஜாதகத்திலேயே கிடையாது. எழுதுகிறேன்.

குடியாத்தத்தில் ஏகாம்பரம் பெயிண்ட்ஸ் என்றால் தெரியாதவர் இல்லை. சுண்ணாம்பு மூட்டையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளி விற்றவன் நான். இன்று கலர் கலக்க மெஷினே வைத்திருக்கிறேன். அந்த மெஷினால்தான் இன்றைய கோபம். புது மண்டபம் கட்டுகிறவர் ஒருவர், ஜோசியர் சொன்னார் என்று கத்திரிப்பூ நிறம் கேட்டார். அதுவும் அடர்த்தியாக. நாற்பது வாளி கலக்கி மூடி போட்ட பிறகு இன்று வந்து நிற்கிறார். வேறு ஜோசியர் பார்த்தாராம், பச்சைதான் ராசியாம்.

"கிரகம் மாறிப்போச்சுண்ணே" என்றார்.

"கிரகம் மாறும்யா, கலர் மாறாது!" என்று கத்தினேன். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் கத்தியது, அதனால் கணக்கில் சேராது.

கலக்கிய கலரைக் கம்பெனி திரும்ப எடுக்காது. இந்த நிறத்தில் எவனும் வீடு கட்ட மாட்டான். நாற்பது வாளியும் குடோன் வாசலை அடைத்துக்கொண்டு என்னைப் பார்க்கின்றன.

டிசம்பர் 6, புதன்

வேதவல்லி ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டாள்.

"ஞாயித்துக்கெழம என்னைத் தங்கவயலுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"சுரங்கத்த மூடி இருவது வருஷத்துக்கு மேல ஆவுதே. அங்க என்ன இருக்குது?"

"ஒண்ணும் இல்லாததுதான் எனக்கு வேணும்."

இந்த மாதிரிப் பேச்சு அவளுக்கு இந்த ஒரு வருஷமாகத்தான். எங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்கு மகன் பெங்களூரிலிருந்து ஒரு கேமரா வாங்கி அனுப்பினான். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் அனுப்பினான். நான் அட்டைப்பெட்டியைப் பிரித்தேன், அவள் கேமராவை எடுத்துக்கொண்டாள். இப்போது வேலூரில் 'ஒளிக்கூடு' என்ற கிளப்பில் உறுப்பினர். மாதம் இரண்டு ஞாயிறு அங்கே போய்விடுகிறாள். முன்பெல்லாம் நான் வீட்டுக்கு எப்போது வருவேன் என்று அவள் போன் செய்வாள். இப்போது நான் செய்கிறேன்.

பெங்களூரில் ஒரு கண்காட்சியாம். 'கைவிடப்பட்ட ஊர்கள்' என்று தலைப்பாம். நல்ல படம் எடுத்தால் அவள் பேரைப் போட்டு மாட்டுவார்களாம். கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் அவள் பேர் எங்கேயும் அச்சானதில்லை என்று சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கடைப் பலகையில் என் பேர் மட்டும் இருப்பதைக் குத்திக்காட்டுகிறாளா என்று யோசித்தேன்.

சரி என்றேன்.

டிசம்பர் 10, ஞாயிறு

விடிவதற்கு முன்பே புறப்பட்டோம். பேரணாம்பட்டு தாண்டி மலை ஏறி இறங்கியதும் குளிர். காரில் அவள் எனக்குப் பாடம் எடுத்தாள். கிளப் மாஸ்டர் சத்யகீர்த்தி ஒரு சட்டம் வைத்திருக்கிறாராம்: படத்தில் ஆள் வரக் கூடாது. ஆள் வந்தால் 'வெறுமை கலைந்துவிடும்'. சத்யகீர்த்தியை எனக்குத் தெரியும். அவர் அப்பா என்னிடம்தான் சுண்ணாம்பு வாங்கினார். அப்போது இவர் பேர் முனிரத்தினம்.

மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப் என்று சுற்றினோம். வெள்ளைக்காரன் காலத்து இரும்புக் கோபுரம், அதன் உச்சியில் சுற்றாத சக்கரம், தூரத்தில் மண்ணைக் கழித்துக் கொட்டிய மேடு. கோபுரத்துக்குக் காவல்காரர் விடவில்லை. வெளியே நின்று எடுத்தாள். திருப்தி இல்லை. பிறகு எட்டாம் லைன் என்ற தெருவுக்குள் நுழைந்தோம். சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய வரிசை வீடுகள். அங்கே ஒரு சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள்.

சொல்கிறேன், என் தொழிலில் அவ்வளவு கேவலமான சுவரை நான் பார்த்ததில்லை. நீலம் உரிந்து அடியில் மஞ்சள், மஞ்சள் உரிந்து வெள்ளை, அதுவும் உரிந்து செங்கல். வேதவல்லி அதைப் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

"எத்தன அடுக்கு பாருங்க" என்றாள்.

"ஒவ்வொரு அடுக்கும் ஒரு தப்பு" என்றேன்.

சிக்கல் என்னவென்றால், கைவிடப்பட்ட ஊரில் எக்கச்சக்கமாக ஆள். சுவருக்கு முன்னால் துணிக்கொடி, நாற்காலி, ஆடு, பக்கத்து வீட்டுக் கிறிஸ்துமஸ் நட்சத்திரம். அவள் கேமராவைத் தூக்கினால் போதும், சட்டை பொத்தானைப் போட்டுக்கொண்டு நாலு பேர் வந்து நிற்கிறார்கள். வெறுமையைத் தயார் பண்ணும் வேலை எனக்கு வந்தது. கூட்டத்தை நகர்த்துவது கடைக்காரனுக்குக் கை வந்த கலை. தெருமுனைக் கடையில் எல்லோருக்கும் டீ என்று அறிவித்தேன். தெரு காலியானது. சுவர் வீட்டுக்காரி மட்டும் நகரவில்லை. பேர் ரோசலின். என் வயசுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். புருஷன் சுரங்கத்தில் இருந்தவர், இப்போது இல்லை.

"இந்தத் துணியக் கொஞ்சம் எடுத்துக்கறீங்களாம்மா?" என்றேன்.

"ஏன், துணி இன்னா பண்ணுச்சு?"

"போட்டோ எடுக்கறாங்க."

"அப்ப இரு, நல்ல பொடவ கட்டிக்கினு வர்றேன்."

"இல்லம்மா... செவுரு மட்டும்தான்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வேதவல்லியைப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னாம்மா, எங்க செவுரு மட்டும் ஓணும், நாங்க வாணாமா?"

வேதவல்லி முகம் சிவந்தாள். ஆனாலும் ரோசலின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போன பிறகுதான் எடுத்தாள். லைனில் மற்ற வீட்டுச் சுவர்களையும் ஒரு சுற்று எடுத்து முடித்து, அடுத்த தெருவில் ஏதோ கதவு இருக்கிறது என்று போய்விட்டாள். நான் அங்கேயே இருந்தேன். ரோசலின் எனக்கு டீ கொடுத்தாள். நான் என்ன தொழில் என்று கேட்டாள். சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் ஆடு ஓடியது.

"பெயிண்ட்டு கடை வெச்சிக்கினு கீற, உன் பொண்டாட்டி பேந்த செவுத்தத் தேடிக்கினு ஊர் ஊரா போறாளா? வூட்ல இன்னாதான் சண்ட உங்களுக்கு?"

"சண்ட ஒண்ணும் இல்ல."

"அப்ப அதான் பெரிய சண்ட."

வரும் வழியில் வேதவல்லி கேமராவின் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டு வந்தாள். என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. சண்டை ஒன்றும் இல்லை.

டிசம்பர் 11, திங்கள்

குடோன் வாசலில் வாளி தடுக்கி விழப் பார்த்தேன்.

டிசம்பர் 17, ஞாயிறு

வேதவல்லியைக் கிளப்பில் இறக்கிவிடப் போனவன், வெயிலுக்கு உள்ளே உட்கார்ந்துவிட்டேன். சத்யகீர்த்தி அவள் படத்தைத் திரையில் பெரிதாகப் போட்டார். ரோசலின் வீட்டுச் சுவர் சினிமா மாதிரி தெரிந்தது. உண்மையைச் சொன்னால் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஏசி காற்று ஒத்துக்கொள்ளவில்லை.

"மேடம், இது சுவர் இல்ல, காலத்தோட தோல்" என்றார் சத்யகீர்த்தி.

வேதவல்லி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்து ரொம்ப நாளாகிறது. பார்த்தேனா என்றுகூட ஞாபகமில்லை.

பிறகு அவர் நோட்டை எடுத்து அவளிடம் ஏதேதோ விளக்கினார். அவளும் விளக்கினாள். ஈரம் எந்தப் பக்கத்திலிருந்து ஏறுகிறது, எந்த அடுக்கு எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கை ஆட்டி ஆட்டிப் பேசினாள். முப்பது வருஷமாகப் பெயிண்ட் விற்கிறவன் பின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன், என்னிடம் அவள் இதில் ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னைப் பார்த்து, "சார் என்ன பண்றாரு?" என்று கேட்டார் சத்யகீர்த்தி. தெரியாத மாதிரி.

"பேந்த சுவருக்கு வைத்தியம் பண்றேன், முனிரத்தினம்" என்றேன்.

காரில் வீடு வரும்வரை அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டிசம்பர் 19, செவ்வாய்

நாற்பது வாளியையும் லாரியில் ஏற்றி எட்டாம் லைனுக்கு, ரோசலின் பேருக்கு, இனாமாக அனுப்பிவிட்டேன். பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு நிறம் அடிப்பது நம் ஜனங்களின் வழக்கம். கிறிஸ்துமஸும் வருகிறது. அவர்களுக்குப் பெயிண்ட் ஆகும், எனக்கு இடம் ஆகும். இது சுத்தமான வியாபார முடிவு. ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

வேதவல்லியிடம் சொல்லவில்லை. கடை விஷயம் எதையும் வீட்டில் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

ஜனவரி 3, புதன்

கிறிஸ்துமஸுக்குள் முடியவில்லை, கையில் ஆள் இல்லை என்று ரோசலின் போன் செய்தாள். என்னிடம் வேலை எடுக்கும் பெயிண்டர் எத்திராஜை அழைத்துக்கொண்டு போனேன். போகிற வழியில் இருக்கும் வி.கோட்டாவில் கடன் வசூல் என்று வீட்டில் சொன்னேன்.

எத்திராஜ் வாளியைத் திறந்து பார்த்துவிட்டு, "மொதலாளி, இது மனுஷன் குடியிருக்கற கலரா?" என்றான்.

"ஜோசியர் சொன்ன கலர்டா. அடி."

அடித்தோம். 'தோம்' என்றுதான் எழுத வேண்டும், நானும் ஒரு ரோலரை எடுத்துவிட்டேன். எத்தனை வருஷமாயிற்று. மத்தியானம் ரோசலின் வீட்டில் கருவாட்டுக் குழம்பு. லைனில் ஆளுக்கு ஆள் வந்து, என் வீட்டுக்கு எப்போது, என் வீட்டுக்கு எப்போது என்று கேட்டார்கள். என்னிடம் விலை பேசாமல் பெயிண்ட் கேட்டவர்களை இதுவரை நான் பார்த்ததில்லை. நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரி 5, வெள்ளி

மறுபடியும் வி.கோட்டா வசூல்.

ஜனவரி 7, ஞாயிறு

வசூல். வேதவல்லி கிளப்புக்குப் போயிருந்தாள், ஆகையால் யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரோசலின் சுவர் முடிந்தது. வெயிலில் பார்த்தால் தெருவே ஒரு பெரிய கத்திரித் தோட்டம். கண் கூசுகிறது. ஜனங்களுக்குப் பிடித்திருக்கிறது. பழைய வண்ணம் யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஜனவரி 10, புதன்

கடையை அடைத்துவிட்டு வந்த கையோடு எழுதுகிறேன்.

சாயங்காலம் வேதவல்லி கடைக்கே வந்துவிட்டாள். அவள் கடைக்கு வருவது ஆயுத பூஜைக்கு மட்டும்தான். வேர்த்து வழிய நின்று சொன்னாள்.

"படம் தேர்வாயிடுச்சுங்க! பேர் போட்டு மாட்டப் போறாங்க. அது மட்டும் இல்ல. கண்காட்சி நடுவர் அம்மாவே அந்தத் தெருவப் பாக்கணும்னு சொல்லிட்டாங்க. இருவத்தோராம் தேதி கிளப்புல எல்லாரும் போறோம். நான்தான் முன்னால நடந்து காட்டப் போறேன். நானு!"

எத்திராஜ் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து, "டீ வாங்கிட்டு வாடா" என்று விரட்டினேன்.

"என்னங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?"

"ரொம்ப சந்தோஷம்" என்றேன். அது பொய் இல்லை. அதுதான் தொல்லை.

ஜனவரி 12, வெள்ளி

எத்திராஜிடம் தனியாகக் கேட்டேன். ஒரு சுவரை மறுபடியும் பழசு மாதிரி ஆக்க முடியுமா?

"முடியும் மொதலாளி. இப்ப ஓட்டல்ல எல்லாம் அதான் அடிக்கறாங்க. பேந்த மாதிரியே இருக்கும். நம்ம ஷேடு கார்டுலயே கடைசிப் பக்கத்துல இருக்குது."

பார்த்தேன். இருக்கிறது. என் கடையிலேயே அதிக விலையுள்ள சரக்கு அதுதான். புதுசாக அடிப்பதைவிடப் பேர்ந்த மாதிரி அடிக்க ஐந்து மடங்கு. இந்த நாடு எங்கே போகிறது என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் ஒரு செட் வாங்கி வைக்கச் சொன்னேன்.

ஜனவரி 13, சனி

ரோசலின் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். ஒரே ஒரு சுவர். பேர்ந்த மாதிரி ஒரு டிசைன், ஒரு வாரத்துக்கு. அப்புறம் நானே வந்து மறுபடியும் அடித்துத் தருகிறேன்.

அவள் பொங்கலுக்கு வாசல் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்களோடு சேர்ந்து இவளும் கோலம் போடுவாளாம். வாளியைக் கீழே வைத்தாள்.

"எதுக்கு?"

உண்மையைச் சொன்னேன். கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"அது பேந்து கெடந்தப்ப ஒரு நாயும் இந்தத் தெருவுல நின்னது இல்ல. என் பொண்ணப் பாக்க வந்தவங்க அந்தச் செவுத்தப் பாத்துட்டு, காப்பி குடிக்காமப் பூட்டாங்க. இப்ப அடிச்சி ஒரு வாரங்கூட ஆவல, கண்ணுக்கு நல்லா கீது, அதுக்குள்ள திரும்ப அசிங்கம் பண்ணணுமா? இன்னா மனுஷன்யா நீ?"

"என் வீட்டுக்காரி..."

"உன் வூட்டுக்காரிகிட்ட நீ இன்னும் சொல்லல. அதானே? அத என் செவுத்துல அடிக்கச் சொல்றியா?"

டீ கொடுக்கவில்லை.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். பொங்கியது.

ஜனவரி 18, வியாழன்

இருபத்தொன்றாம் தேதி மழை வரும் போலிருக்கிறது என்றேன். வானிலை பார்த்து, வராது என்றாள். வழியில் ரோடு வேலை நடக்கிறது என்றேன். எப்படித் தெரியும் என்றாள். வி.கோட்டா வசூலுக்குப் போனபோது பார்த்தேன் என்றேன்.

"இப்பல்லாம் வி.கோட்டாவுல நெறைய வசூல் ஆவுதே" என்றாள்.

புதுசாகப் புடவை எடுத்திருக்கிறாள். அச்செடுத்த படங்களை வரிசையாக அடுக்கி, எந்த இடத்தில் நின்று என்ன சொல்வது என்று கண்ணாடி முன்னால் பேசிப் பார்க்கிறாள். சொல்லிவிடலாம் என்று மூன்று முறை அறை வாசல் வரைக்கும் போனேன். ஒவ்வொரு முறையும் அவள் என்னைப் பார்த்து, "நல்லா இருக்குதா?" என்று கேட்டாள். நல்லா இருந்தது.

ஜனவரி 21, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வேன் ஒன்று, கார் மூன்று. நடுவர் அம்மாளுக்கு நரைத்த தலை, கட்டையாக வெட்டிய முடி, தமிழ் நன்றாகவே பேசினார். சத்யகீர்த்தி கறுப்புச் சட்டை. வேதவல்லி எல்லோருக்கும் முன்னால் நடந்தாள். நான் எல்லோருக்கும் பின்னால் நடந்தேன்.

தெரு திரும்பியதும் நின்றாள். அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அது போதுமாக இருந்தது.

தெரு முழுக்க, ஒரு சந்து பாக்கி இல்லாமல், கத்திரிப்பூ நிறம். வாசலெல்லாம் கோலம். ஜனங்கள் இன்னும் பொங்கல் துணியைக் கழற்றவில்லை. என்னைப் பார்த்ததும், "பெயிண்ட்டு மொதலாளி வந்துட்டாருடோய்!" என்று யாரோ கத்தினார்கள். இருபது கேமராவும் தொங்கிப்போயின.

"என்ன இது?" என்றார் சத்யகீர்த்தி. நெற்றி நரம்பு புடைத்திருந்தது. "யார் பண்ணினது? யாரு இத நாசம் பண்ணினது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வேதவல்லியைக் காட்டி, "அவங்க ஏற்பாடுதான்" என்றேன்.

இதைப் பிற்காலத்தில் யாராவது படித்தால் தெரிந்துகொள்ளட்டும்: என் மனைவிக்குப் பெருமை சேரட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன்.

நடுவர் அம்மாள் மெதுவாக நடந்து போய் ரோசலின் சுவரைத் தொட்டுப் பார்த்தார். திரும்பி வந்து, "அற்புதம்" என்றார்.

சத்யகீர்த்தியின் நரம்பு அப்படியே இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். "அதத்தான் மேடம் நானும் சொல்ல வந்தேன்" என்றார். "மொதல்ல சிதைவு. அப்புறம் அந்தச் சிதைவையே ஒரே நிறத்தால மூடறது. இது ஒரு எதிர்ப்பு. ஒரு தலையீடு." அரை நிமிஷத்துக்கு முன்னால் நாசம்.

நடுவர் அம்மாள் வேதவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வைக்கலாம். நடு ஹால்ல. ஆனா ஒண்ணு சொல்லுங்க, ஏன் இந்த நிறம்?"

வேதவல்லி என்னைப் பார்த்தாள். தலையை ஆட்டினேன். சொல், எதையாவது சொல், வாங்கிக்கொள் என்று. வியாபாரத்தில் கிடைத்ததை விடக் கூடாது.

"தெரியலீங்க" என்றாள். குரல் தெளிவாக இருந்தது. "இது என் ஏற்பாடு இல்ல. எங்க வீட்டுக்காரர் கடையில விக்காம போன கலரு. எனக்குத் தெரியாம அடிச்சிட்டாரு. என்னைக் கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"அப்ப... இதுல ஒரு கருத்து இல்லையா?" என்றார் நடுவர் அம்மாள்.

"இடம் அடைச்சிக்கிட்டு இருந்துச்சு. அதான் கருத்து."

யாரோ இருமினார்கள். நடுவர் அம்மாள் கையை விட்டுவிட்டார். அதே சுவர், அதே வெயில், ஆனால் அற்புதம் போய்விட்டது. "பக்கத்துல ஒன்பதாம் லைன் இன்னும் பழசாவே இருக்குதாம்" என்று சத்யகீர்த்தி கூட்டத்தை நகர்த்தினார். போகும்போது வேதவல்லியிடம், "இடம் மாறிட்டதால உங்க படத்தப் பத்தி மறுபடியும் யோசிக்க வேண்டியிருக்கும் மேடம்" என்றார்.

கத்திரித் தோட்டத்தில் நாங்கள் இரண்டு பேரும் ரோசலினும் நின்றோம்.

"ஏம்மா, கெடச்சத வாங்கிக்கினு போவத் தெரியாதா உனக்கு?" என்றாள் ரோசலின்.

"என்னுது இல்லியே" என்றாள் வேதவல்லி.

காரில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "திட்டு விழும்னு நெனச்சுத்தானே என் பேரச் சொன்னீங்க?"

இல்லை என்றேன்.

ஜனவரி 23, செவ்வாய்

கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. படம் இந்த வருஷம் இடம்பெறவில்லை. வேதவல்லி படித்துவிட்டு மடித்து வைத்தாள். சமையல் வழக்கம் போல. உப்பு, காரம் எல்லாம் சரியாக இருக்கிறது. பேச்சு மட்டும் இல்லை.

ஜனவரி 25, வியாழன்

மன்னிப்புக் கேட்டேன். சுவரை மாற்றியதற்கு.

"செவுரு அவங்களுது" என்றாள். "அவங்களுக்குப் புடிச்சிருக்குது. அதுல எனக்குக் கோவம் இல்ல."

"அப்ப எதுல?"

"நாலு தடவ போயிருக்கீங்க. டீ குடிச்சிருக்கீங்க, குழம்பு சாப்பிட்டிருக்கீங்க, ரோலர் புடிச்சிருக்கீங்க. ரோசலின் அக்கா போன்ல எல்லாம் சொன்னாங்க. நான் கூப்பிட்டப்ப ஒரு நாள் வந்தீங்க. அதுலயும் கடை போனுதான் பாத்துக்கிட்டு இருந்தீங்க. அந்தத் தெருவ உங்களுக்குக் காட்டினது நானு. எனக்குன்னு ஒரு எடம் கெடச்சுது, அதையும் போய் உங்க கஸ்டமர் ஆக்கிட்டீங்க."

சாப்பிட்ட தட்டை நானே கழுவி வைத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

ஜனவரி 28, ஞாயிறு

அவள் காலையிலேயே கேமராவோடு கிளம்பினாள். கார் எடுக்கட்டுமா என்றேன். பஸ் இருக்கிறது என்றாள். எங்கே என்று கேட்கவில்லை, தெரியும். ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறந்து தனியாக உட்கார்ந்திருந்தேன். ஒருத்தர் வந்து பூட்டு கேட்டார்.

இருட்டுவதற்குள் வந்துவிட்டாள். செருப்பெல்லாம் தூசி. முகம் நன்றாக இருந்தது. கேமராவை மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். நான் அதைத் தொடவில்லை.

பிப்ரவரி 4, ஞாயிறு

ஒரு வாரம் பொறுத்தேன். இன்று மத்தியானம் கேட்டுவிட்டேன்.

"எடுத்ததக் காட்டேன்."

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். விலை கேட்கப் போகிறேனோ என்று பார்க்கிற மாதிரி. பிறகு கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

ஆட்கள். எல்லாம் ஆட்கள். ரோசலின் நல்ல புடவையில், அவள் மகள், நட்சத்திர வீட்டுக்காரர் மூன்று பேத்திகளோடு, ஆடு வைத்திருப்பவர் ஆட்டோடு. பின்னால் என் பெயிண்ட். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் அழவில்லை, கல்யாணத்துக்குப் போவதற்கு முன்னால் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நிற்கிறார்கள். சத்யகீர்த்தியின் சட்டத்தை ஒவ்வொரு படத்திலும் மீறியிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் யார் என்ன என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் குறுக்கே பேசவில்லை. பழக்கமில்லாததால் தாடை வலித்தது.

ரோசலின் படத்தில் நிறுத்தி, அவள் தோளுக்குப் பின்னால் ஒரு இடத்தைப் பெரிதாக்கினாள்.

"இது என்ன?"

கொப்புளம். சின்னதாக நாலைந்து. பக்கத்தில் வெள்ளையாக உவர் பூத்திருக்கிறது.

"இதுக்கு அடியில சுரண்டாமயே அடிச்சீங்களா?"

ஓசிப் பெயிண்டுக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டாம் என்று எத்திராஜிடம் நான்தான் சொன்னேன். அடிப்பூச்சுக்குப் பிரைமரும் கிடையாது. வேறு வழியில்லை, ஒப்புக்கொண்டேன்.

"எத்தன நாள் தாங்கும்?"

"ரெண்டு மழை. மிஞ்சினா."

அவள் பழைய படத்தைத் திறந்தாள். காலத்தின் தோல். விரலை வைத்துக் காட்டினாள். "இங்க பாருங்க, ஈரம் தரையிலருந்து வரல. கூரை ஓட்டுலருந்து எறங்குது. ஒவ்வொரு அடுக்கும் இந்த எடத்துலதான் மொதல்ல விட்டிருக்குது. இதத்தான் நான் அன்னிக்குக் கிளப்புல சொன்னேன். நீங்க பின்னாடி உக்காந்திருந்தீங்க. எட்டாம் லைன்ல பதினாறு வீட்டுக்கும் என்கிட்ட படம் இருக்குது. எந்தச் செவுத்துக்கு எங்க நோவுன்னு எனக்குத் தெரியும்."

முப்பது வருஷமாகச் சுவர் பார்க்கிறவன். எனக்குத் தெரியவில்லை. அவள் சொன்ன பிறகு, அதைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

"என்னைக் கேட்டிருக்கலாம்ல?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

எட்டாம் லைன். எத்திராஜ், இன்னும் இரண்டு பேர். முதலில் ஓடு, பிறகு சுரண்டல், பிறகு பிரைமர், பிறகுதான் நிறம். எந்தச் சுவரில் எங்கே எவ்வளவு ஆழம் என்று வேதவல்லி படத்தைக் காட்டிக் காட்டிச் சொல்கிறாள். எத்திராஜ் என்னிடம் எதுவும் கேட்பதில்லை, நேராக, "அம்மா, இங்க?" என்கிறான். என்ன நிறம் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டதும் அவள்தான். பாதிப் பேர் கத்திரிப்பூ நிறமே இருக்கட்டும் என்றுவிட்டார்கள். என் மெஷினுக்கு இனி ஜோசியர் வேண்டாம்.

மத்தியானம் அவள் போன் அடித்தது. கையெல்லாம் தூசி என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள். சத்யகீர்த்தி.

"மேடம், அந்தச் செவுரு மறுபடியும் பேர ஆரம்பிச்சிருக்காமே? அதுவும் அந்தக் கலர் மேல? நடுவர் அம்மா ரொம்ப ஆர்வமா இருக்காங்க. அத அப்படியே விட்டு வைங்க, யாரும் தொட வேணாம். அடுத்த ஞாயிறு எல்லாரும் வர்றோம்."

ரோசலின் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். வேதவல்லி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தாராளமா வாங்க சார்" என்றாள். "இருவது பேரும் வாங்க. வரும்போது ஆளுக்கு ஒரு உப்புத்தாள் எடுத்துட்டு வாங்க. தேய்க்கறதுக்குக் கை போதல."

சத்யகீர்த்தி போனை வைத்துவிட்டார். ரோசலின் சுவரில் சாய்ந்து சிரித்தாள். ஈரப் பிரைமர், புடவையெல்லாம் ஒட்டிக்கொண்டது. அதற்கும் என்னைத்தான் திட்டினாள்.